மீன் ஆயும் பலகையில் விலங்கியல்: ராமநாதபுரக் கடற்கரையில் புதிதாகத் தொடங்குவோருக்கு

இறாலை உரிக்கும்போது முதுகைக் கீறி ஒரு கறுப்பு இழையை இழுத்துப் போடுகிறோம். எங்கள் வீட்டில் அதற்கு ‘நரம்பு’ என்று பெயர். விலங்கியல் பட்டப்படிப்பில் சேர்ந்த பிறகும் நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இறாலும் சேர்ந்த கணுக்காலிகளுக்கு நரம்பு வயிற்றுப் பக்கம் இருக்கும் என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். அதே வாரம் வீட்டில் அம்மாவுக்கு உதவியாக உட்கார்ந்து இறாலின் முதுகிலிருந்து ‘நரம்பை’ எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே விலங்கைப் பற்றியவை என்று மண்டையில் உறைக்க இரண்டாண்டுகள் ஆயின. அந்தக் கறுப்பு இழை குடல். உண்மையான நரம்பு அதற்கு நேர் எதிரே, வயிற்றுப் பக்கத்தில், வெள்ளையாக, கண்ணுக்குச் சட்டென்று தெரியாமல் கிடக்கிறது.

விலங்குத் தொகுதிகளின், அதாவது விலங்குலகின் பெரும் பிரிவுகளின், உடலமைப்பை ஒப்பிட்டுப் படிக்கப் பலரும் அட்டவணையில்தான் தொடங்குகிறார்கள். துளையுடலிகள், குழியுடலிகள், வளைத்தசைப்புழுக்கள் என்று பெயரை இடப்பக்கம் எழுதி, எதிரே பண்புகளை மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வு முடிந்த மறுநாள் அது மறந்துபோகும். மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று கடலை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு அந்த அவலம் தேவையில்லை. மீனை ‘ஆய்வது’ என்றுதான் நம் பக்கம் சொல்கிறோம். ‘ஆய்வு’ என்ற சொல்லும் அங்கிருந்துதான் வருகிறது. பலகையும் கத்தியும் ஏற்கெனவே வீட்டில் இருக்கின்றன.

முதல் படி: ஆறு கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு நோட்டை எடுத்து ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எல்லாப் பக்கத்திலும் இதே ஆறு கேள்விகள். வாய் எங்கே, கழிவு எங்கே வெளியேறுகிறது? எந்தக் கோட்டில் வெட்டினால் இரு பாதியும் ஒன்றுபோல இருக்கும்? உடம்பைத் தாங்கி நிற்பது எது? எதனால் மூச்சு விடுகிறது? இதயம் உண்டா, எந்தப் பக்கம்? நரம்பு எந்தப் பக்கம்?

தொகுதியின் பெயரைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் பெயரை எழுதினால், பிறகு கண்ணில் படுவதெல்லாம் புத்தகத்தில் படித்ததாகவே இருக்கும்.

இரண்டாம் படி: எதை வாங்குவது, எதைத் தொடக்கூடாது

அதிகாலையில் மீன் இறங்கும் இடத்துக்குப் போங்கள். தலையோடு இருக்கும் இறால் நான்கு, நீலக்கால் நண்டு ஒன்று, கணவாய் ஒன்று, மட்டி கொஞ்சம், கையளவு விளைமீன் ஒன்று. இவ்வளவு போதும். எல்லாம் எப்படியும் குழம்புக்குப் போகிறவைதான். ஆகவே படிப்பதற்காக ஓர் உயிரைக் கொன்றோம் என்ற உறுத்தலும் இராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவதை வைத்துச் சமாளிக்க வேண்டும்.

விற்பனைக்குப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் ‘சங்காயம்’ குவியலை விட்டுவிடாதீர்கள். கோழித்தீவனத்துக்குப் போகும் அந்தக் கழிவுக் குவியலில்தான் நட்சத்திர மீனும் சிறு நண்டுகளும் பெயர் தெரியாத சிப்பிகளும் கலந்து கிடக்கும். கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள், சிரிப்பார்கள்.

ஆனால் கடலில் கிடப்பதெல்லாம் நமக்கு உரியதல்ல. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை உள்ள 21 தீவுகளும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. பவளப்பாறை, கடல் அட்டை, கடல்குதிரை, கடல் ஆமை, கடற்பசு ஆகிய அனைத்தும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. சங்காயத்தில் கிடந்தாலும் வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது. கடல் அட்டை வைத்திருந்து பிடிபட்டவர்களின் செய்தி நம் மாவட்டப் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. ‘படிப்பதற்காக’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இவற்றைப் பார்க்க மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அருங்காட்சியகமும் காட்சித் தொட்டிகளும் இருக்கின்றன. 1947இல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு, 1971இல் கொச்சிக்கு மாறும்வரை மண்டபம்தான் தலைமையிடம்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. கரை ஒதுங்கிய சொறி (ஜெல்லி மீன்) செத்துக் கிடந்தாலும் அதன் கொட்டும் செல்கள் வேலை செய்யும். அழகான கோலம் போட்ட கூம்பு வடிவச் சங்கு உயிரோடு இருந்தால் கையில் எடுக்காதீர்கள், அதற்கு நஞ்சு ஊசி உண்டு. திருக்கையின் வாலில் இருக்கும் முள்ளைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

மூன்றாம் படி: இறால்

ஆரம்பிக்க இறாலைப் போல ஏற்றது எதுவுமில்லை. ஒரு வெள்ளைத் தாளை விரித்து, ஒரு பக்கத்து உறுப்புகளை மட்டும் தலையிலிருந்து வால்வரை ஒவ்வொன்றாகப் பிய்த்து வரிசையாக வையுங்கள். மீசை, தாடை, தாடைக்குத் துணையாக உணவைத் தள்ளும் குட்டிக் கால்கள், நடக்கும் கால் ஐந்து, நீந்தும் கால் ஐந்து, கடைசியில் வால் விசிறி. பொறுமையாகச் செய்தால் 19 வரும். தலையில் 5, மார்பில் 8, வயிற்றில் 6. முதல் முறை எனக்கு 16தான் வந்தது. வாயைச் சுற்றியுள்ள சிறியவை கையோடு கிழிந்துவிடும்.

வரிசையாக வைத்தபின் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். மீசையும் தாடையும் காலும் ஒரே அச்சில் வார்த்து வெவ்வேறு வேலைக்கு வளைத்தவை போல இருக்கும். உடம்பைக் கண்டம் கண்டமாகப் பிரித்து, கண்டத்துக்கு ஒரு சோடி உறுப்பு கொடுத்து, பிறகு அந்த உறுப்பை வேலைக்கு ஏற்ப மாற்றுவது: கணுக்காலிகளின் திட்டமே இதுதான். பூச்சி, நண்டு, தேள், பூரான் எல்லாவற்றிலும் இதையே காண்பீர்கள்.

இன்னொரு இறாலின் தலையோட்டை மெல்லத் தூக்குங்கள். பழுப்பும் ஆரஞ்சுமாகக் குழைந்திருப்பது செரிமானச் சுரப்பி. குழம்புக்கு ருசி தருவது அதுதான். அதற்குப் பின்னால், முதுகை ஒட்டி, வெளிறிய சிறு முடிச்சு: இதயம். அதிலிருந்து கிளம்பும் இரத்தம் குழாய்களிலேயே சுற்றித் திரும்புவதில்லை. உறுப்புகளுக்கிடையே உள்ள வெளிகளில் கொட்டி, அவற்றை நனைத்துவிட்டு மீண்டும் இதயத்துக்கு வருகிறது. இதைத்தான் புத்தகம் திறந்தவகை இரத்த ஓட்டம் என்கிறது. ஓட்டின் இரு பக்கமும் இறகு போல இருப்பவை செவுள்கள். இரைப்பையும் தலைக்குள்ளேயே இருக்கிறது. கழிவுநீரை வெளியேற்றும் சுரப்பி மீசையின் அடியில் இருக்கிறது. சிறுநீரை முகத்திலிருந்து விடுகிற விலங்கு என்று சொன்னால் வகுப்பில் ஒருவரும் மறப்பதில்லை.

கடைசியாக வாலின் வயிற்றுப் பக்கத்தைக் கீறி, சதையை விலக்குங்கள். நடுவில் வெள்ளை இழையும் அதில் கண்டத்துக்கு ஒன்றாகச் சிறு முடிச்சுகளும் தெரியும். அதுதான் நரம்பு.

நண்டுக்கு அதிக நேரம் வேண்டாம். வயிற்றுக்கடியில் மடிந்திருக்கும் தகட்டை விரித்தால் அது இறாலின் வால் என்பது புரிந்துவிடும். ஒடுங்கிய முக்கோணமாக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண்.

நான்காம் படி: மீனைத் தலைகீழாகப் பிடியுங்கள்

விளைமீனின் வயிற்றை அரிவாள்மனையில் கீறாமல், கத்தரிக்கோலால் மேலோட்டமாகத் திறங்கள். குடலும் ஈரலும் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அவை மெல்லிய தோலால் மெழுகிய ஒரு பைக்குள் தனியே கிடந்தன, அதனால்தான் அப்படி வழுக்குகின்றன. அந்த வெளிதான் உடற்குழி. சொறிக்கு இது கிடையாது. இறாலில் இருக்கும் வெளி இரத்தம் நிரம்பிய வெளி.

செவுள் மூடியைத் தூக்கி, தொண்டைக்குக் கீழே பாருங்கள். இதயம் சிவப்பாக, மார்புத் துடுப்புகளுக்கு நடுவில் இருக்கிறது. ஓர் ஊற்றறை, ஓர் அழுத்தறை என்று இரண்டே முக்கிய அறைகள். குடலை எடுத்தபின் முதுகெலும்பை ஒட்டி நீளமாகக் கருஞ்சிவப்பில் ஒரு பட்டை ஒட்டியிருக்கும். மீன் ஆய்கிற எல்லாரும் இரத்தக்கட்டி என்று நினைத்து நகத்தால் சுரண்டி எறிவது அதைத்தான். அது சிறுநீரகம். அதற்குக் கீழே வெள்ளையாகக் காற்றடைத்த பை. கூரல் போன்ற மீன்களில் ‘நெட்டி’ என்று தனியே விலைபோவது இந்தப் பைதான். நரம்புத்தண்டு முதுகெலும்புக்குள் இருக்கிறது, வெட்டிய துண்டில் எலும்பின் மேற்பக்கத் துளையில் வெள்ளையாகத் தெரியும்.

இப்போது நோட்டில் இறாலின் பக்கத்தையும் மீனின் பக்கத்தையும் அருகருகே வையுங்கள். இறாலுக்கு இதயம் முதுகில், நரம்பு வயிற்றில். மீனுக்கு இதயம் வயிற்றுப் பக்கம், நரம்பு முதுகில். இறாலை மல்லாத்திப் போட்டால் இரண்டும் ஒத்துப்போகின்றன. 1822இல் பிரெஞ்சு விலங்கியலாளர் எத்தியேன் ஜெஃப்ருவா செயின்ட் இலேர் ஒரு கல் இறாலை இப்படித்தான் புரட்டிப் போட்டு, இது நம்மைத் தலைகீழாக வைத்தது போல இருக்கிறதே என்று எழுதினார். பலர் அதை ஏற்கவில்லை. ஆனால் 1990களில், கருவில் முதுகையும் வயிற்றையும் தீர்மானிக்கும் மரபணுக்களைப் பூச்சியிலும் முதுகெலும்பிகளிலும் ஒப்பிட்டபோது, ஒரே மரபணுத் தொகுதி இரண்டிலும் எதிரெதிர்ப் பக்கத்தில் வேலை செய்வது தெரியவந்தது. ஒரு கிலோ இறாலும் ஒரு விளைமீனும் இருந்தால் அந்தப் பழைய சண்டையை உங்கள் சமையலறையிலேயே மறுபடி நடத்திப் பார்க்கலாம்.

சந்தையில் திருக்கையையும் சுறாவையும் கவனியுங்கள். மூடி இல்லாத செவுள் பிளவுகள் சுறாவுக்குப் பக்கவாட்டில் இருக்கும், திருக்கைக்கு அடியில். எலும்பு கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. காற்றுப்பைக்குப் பதிலாக எண்ணெய் ஊறிய பெரிய ஈரல்.

ஐந்தாம் படி: கணவாயும் மட்டியும் சங்கும்

மூன்றும் மெல்லுடலிகள் என்று எவரும் பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. ஆகவே இங்கே ஒப்பிடுவதில் ருசி அதிகம்.

கணவாயின் புனல் (தண்ணீரைப் பீச்சும் குழாய்) இருக்கும் பக்கத்தில் கத்தரியை வைத்து, போர்வையை (உடலை மூடிய சதைப் பையை) நெடுகத் திறங்கள். மைப்பையில் குத்திவிடாதீர்கள், குத்தினால் அன்றைய பாடம் முடிந்தது. இரண்டு பக்கமும் செவுள்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிறு இதயம், நடுவில் பெரிய இதயம் ஒன்று: மொத்தம் மூன்று. இரத்தம் குழாய்களிலேயே சுற்றுகிறது. வேகமாக நீந்தி வேட்டையாடுவதற்கு இறாலின் திறந்தவகை ஓட்டம் போதாது. ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பல்ல, செம்பு, ஆகையால் இரத்தம் நீலம். கைகளுக்கு நடுவில் கிளி மூக்கு போன்ற அலகு. உணவுக்குழாய் மூளையின் நடுவிலேயே துளைத்துக்கொண்டு போகிறது. ஓட்டுக்கணவாயின் முதுகில் இருக்கும் வெள்ளை ஓட்டையும் ஊசிக்கணவாயின் கண்ணாடி போன்ற தகட்டையும் எடுத்து வையுங்கள். அவை வெளியே இருந்து உள்ளே போய்விட்ட சிப்பி.

மட்டியைத் திறந்தால் தலையே இருக்காது. செவுள் மூச்சுக்கும் ஆகிறது, தண்ணீரை வடிகட்டி உணவு சேர்க்கவும் ஆகிறது. பல மட்டிகளில் குடல் இதயத்தின் ஊடாகவே போகிறது. ஓரிடத்தில் உட்கார்ந்து வடிகட்டித் தின்பவனுக்குத் தலை ஒரு சுமை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சங்கு முறுக்கியிருப்பது ஓட்டில் மட்டும் அல்ல. வளரும்போதே உள்ளுறுப்புகளும் திருகிக்கொண்டு, கழிவுத் துளை தலைக்கு மேலே வந்துவிடுகிறது. வீடு குறுகலாக ஒரே வாசலோடு இருந்தால் வேறு வழியில்லை. கீழக்கரைப் பக்கம் சங்கு வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு செய்தி: நாம் வலம்புரி என்று சொல்கிற அரிய சங்கை விலங்கியல் நூல்கள் இடச்சுழி என்றே குறிக்கும். நாமும் அவர்களும் சங்கை எதிரெதிர் முனையைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

ஆறாம் படி: தண்ணீர் வற்றும்போது கரையில்

நம் கடலில் ஏற்ற இறக்கம் குறைவு, ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். என்றாலும் வற்றும் நேரத்தில் நடந்தால் போதுமானது தெரியும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தெற்கே ஆண் கடல் என்கிற மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். அப்போது வடக்கே பெண் கடல் என்கிற பாக் விரிகுடாப் பக்கம் போங்கள். வாடைக் காலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒதுங்கிய கடற்பஞ்சைப் பாருங்கள். வாய், குடல், இதயம், நரம்பு எதுவும் இல்லை. ஆறு கேள்விகளில் ஐந்துக்கு ‘இல்லை’ அல்லது ‘பொருந்தாது’. சிறு துளைகளில் தண்ணீர் நுழைந்து பெரிய துளையில் வெளியேறுகிறது. மூச்சும் உணவும் கழிவும் அந்த நீரோட்டத்திலேயே. சொறிக்கு ஒரே வாசல்: தின்பதும் துப்புவதும் அதன் வழியே. நரம்பு வலை போலப் பரவியிருக்கும், மூளை இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து இரை வந்தாலும் ஒன்றுதான் என்பதால் வட்ட உடம்பு அதற்குப் போதும். சேற்றில் நெளியும் வளைத்தசைப் புழுவுக்கு முன், பின் என்ற வேறுபாடு வந்துவிடுகிறது, கண்டங்களும் மூடிய இரத்தக் குழாய்களும் இருக்கின்றன. வீட்டுத் தோட்டத்து மண்புழுவே இதற்குப் போதும்.

நட்சத்திர மீனில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். ஐந்து கை, வாய் அடியில், கழிவுத் துளை மேலே, மூளை கிடையாது, கடல்நீரை உள்ளிழுத்து அதன் அழுத்தத்தால் நூற்றுக்கணக்கான குழல்கால்களை நகர்த்துகிறது. சொறிக்கு உறவு போலத் தோன்றும். ஆனால் அதன் குஞ்சு இருபக்கச் சமச்சீர் உள்ளது; வட்டம் பின்னால் வந்தது. கருவில் முதலில் தோன்றும் துளை, இறாலும் சேர்ந்த பெருங்கூட்டத்தில் பல விலங்குகளுக்கு வாய்ப்பக்கத்தைச் சேர்கிறது. நட்சத்திர மீனிலும் நம்மிலும் அது கழிவுத் துளைப் பக்கம். ஆகவே இறாலைவிட நட்சத்திர மீன்தான் நமக்கு நெருங்கிய உறவு. கடல் அட்டையும் இந்தக் குடும்பமே, புழு அல்ல. பலவகைக் கடல் அட்டைகள் பின்துளை வழியாகத் தண்ணீரை இழுத்து மூச்சு விடுகின்றன.

இந்த உறவுக்கு இடையில் நிற்கும் ஒன்றைப் பாடநூலில் பலனோகிளாசஸ் என்று படித்திருப்பீர்கள். அந்த வகைப் புழுவுக்காக இந்திய விலங்கியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேடிவந்த இடம் நம் பாம்பனுக்கு எதிரே உள்ள குருசடைத் தீவு. மணலில் புதைந்து வாழும் மென்மையான புழு, நட்சத்திர மீனின் குஞ்சைப் போன்ற குஞ்சு, மீனுக்கு இருப்பது போலத் தொண்டையில் செவுள் பிளவுகள். அங்கே வனத்துறை அனுமதியோடுதான் போக வேண்டும், தோண்டக்கூடாது.

ஆமையும் கடற்பசுவும் அருங்காட்சியகத்தோடு நிற்கட்டும். பங்குனி ஆமைக்கு நுரையீரல், மூன்றறை இதயம். நம்மவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசுவுக்கு நான்கறை இதயம், துடுப்புக்குள் நம் கையின் அதே எலும்பு வரிசை, அக்குளுக்கருகே முலைக்காம்பு. கரை ஒதுங்கியதைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லிவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

கடைசிப் படி: படகின் அடியில் தேர்வு

தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றி அடிப்பாகத்தைச் சுரண்டுவார்கள். ஏற்றிய அன்றே போங்கள், இரண்டு நாள் வெயில் பட்டால் எல்லாம் காய்ந்து நாறிவிடும். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, சுரண்டி விழுவதை ஒரு வாளிக் கடல்நீரில் போடுங்கள். ஒரே பலகையில் நான்கைந்து தொகுதிகள் ஒட்டியிருக்கும்.

ஓட்டோடு ஒட்டிக்கிடக்கும் கொட்டலசை (barnacle) சிப்பி என்று எழுதினால் தப்பு. அறிஞர்களும் மெல்லுடலி என்றே நம்பியிருந்தார்கள். 1830இல் இயற்கையியலாளர் ஜான் வாகன் தாம்சன் அதன் குஞ்சுகளைப் பார்த்துவிட்டு, இது இறால், நண்டு வகையறா என்றார். தலையைப் பலகையில் ஒட்டிக்கொண்டு காலால் உணவை வாரித் தின்கிற விலங்கு. வாளியில் சற்று அசையாமல் வைத்தால் உச்சித் துளை திறந்து கால்கள் விசிறி போல வெளியே வந்து போகும். அருகில் கடற்பஞ்சு போல வழவழப்பாக ஒன்று இருக்கும். அழுத்தினால் இரண்டு துளைகளில் ஒன்றிலிருந்து தண்ணீர் பீச்சும். அது அசிடியன். அதன் குஞ்சுக்கு வாலும், வாலில் முதுகுநாணும் (முதுகெலும்பின் இடத்தில் இருக்கும் வளையும் தண்டு), முதுகுப் பக்கம் நரம்பும் உண்டு. பலகையில் ஒட்டியபின் அவற்றைக் கரைத்துவிடுகிறது. அந்தக் குவியலில் மீனுக்கும் நமக்கும் அடுத்த உறவு அதுதான்.

செருப்புப் போட்டுக்கொண்டு போங்கள். கொட்டலசு காலைக் கிழித்துவிடும்.